ஒன்பதாவது ஓட்டு

பட்டாபிராமனுக்கு ஓட்டு இல்லை. இந்தச் சங்கதி அவருக்கே தெரிய வந்தது 1924-ஆம் வருஷம் மாசி மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டாவது காபிக்கும் ஸ்நானத்துக்கும் நடுவில்.

அதற்கு முந்தின நாள் வரையில் பவானிபூரில் ஓட்டைப் பற்றி அவரளவு பேசிய தமிழர் எவரும் கிடையாது. ஒரு சணல் கம்பெனியில் அவர் சீனியர் குமாஸ்தா. சாயங்காலம் வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றி மாட்டினாரோ இல்லையோ, ராஜீய விவகாரம் ஆரம்பமாகிவிடும். கேட்பதற்கு பாங்கிலிருந்து ஸ்ரீனிவாசராகவனும் தபாலாபீஸிலிருந்து வாஞ்சிநாதனும் வருவார்கள். அவர்கள் வருவது பட்டாபிராமனின் மனைவி பாகீரதி போடும் காபிக்காக என்று ஒரு பேச்சு உண்டு, அது கிடக்கட்டும். புதுச் சட்டம் வந்துவிட்டது, கல்கத்தா கார்ப்பரேஷனுக்கு இனிமேல் கட்சி கட்டிக்கொண்டு தேர்தல், சுயராஜ்யக் கட்சி வார்டு வார்டாக ஆள் நிறுத்துகிறது, எந்த வார்டில் யார் ஜயிப்பார், எத்தனை ஓட்டில் ஜயிப்பார், எல்லாம் பட்டாபிராமனுக்கு விரல் நுனியில். "ஓட்டுங்கறது சாமான்யமில்லே, ஓய். அது ஒரு மனுஷனோட மனசாட்சி" என்பார். பாகீரதி அடுக்களையில் காபிக்கு வெந்நீர் வைத்தபடி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அடுத்த வீட்டு வக்கீல் கோஷால் பாபு, கதர்ச் சால்வையும் கையில் ஒரு கட்டு அச்சுக் காகிதமுமாக வந்தார். அந்த வார்டில் சுயராஜ்யக் கட்சி சார்பில் நிற்கும் அபேட்சகர் அவர்தான். வாக்காளர் ஜாபிதாவைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பட்டாபி பாபு, உங்கள் வீட்டு நம்பருக்கு எதிரே உங்கள் பெயரையே காணோமே. ஸ்ரீமதி பாகீரதி அம்மாள் என்றல்லவா போட்டிருக்கிறது?" என்றார்.

பட்டாபிராமன் ஜாபிதாவை வாங்கிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். கண்ணாடி மேல் தப்பில்லை.

தப்பு, எட்டு வருஷத்துக்கு முன் அவரே யோசித்துப் பண்ணிய ஒரு கெட்டிக்காரத்தனத்தில் இருந்தது. கும்பகோணத்தில் அவருடைய அண்ணா அனந்தகிருஷ்ணன் பாகப்பிரிவினை வழக்குப் போட்டிருந்த சமயம் அது. கல்கத்தாவில் வீடு வாங்கினால் அதுவும் குடும்பச் சொத்துதான், பாதியைக் கொடு என்று அண்ணா கிளம்பிவிடுவான் என்று பயந்து, வீட்டைப் பெண்டாட்டி பேரில் எழுதிவிட்டார். பிற்பாடு வழக்கு ராஜியாகி, அண்ணாவும் தம்பியும் ஒன்றாகக் காவேரியில் முழுக்குப் போட்டாயிற்று. வீடு மட்டும் பாகீரதி பேரிலேயே நின்றுவிட்டது. வரி ரசீதும் அவள் பேரில் வந்தது. வரி கட்டுகிறவர் பெண்ணாக இருந்தாலும் ஓட்டு உண்டு என்று புதுச் சட்டம் சொன்னது. அந்த ஷரத்தை வாஞ்சிநாதனுக்கு உட்கார்த்தி வைத்து விளக்கியவரே பட்டாபிராமன்தான்.

"அதனால் என்ன, கோஷால் பாபு? எங்கள் வீட்டு ஓட்டு உங்களுக்குத்தான்" என்றார், குரல் இறங்காமல்.

கோஷால் பாபு பொதுக்கூட்டத்தில் ஸ்திரீகளின் ஓட்டுரிமை பற்றி முக்கால் மணி நேரம் பேசிக் கைதட்டு வாங்கியவர். இங்கே ஸ்திரீ நாலடி தள்ளி, அடுக்களை நிலைக்கு அந்தப்புறம் நின்றுகொண்டிருந்தாள். அவளை ஒரு வார்த்தை கேட்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. பட்டாபிராமனின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு ஓட்டுக் கேட்க எதிர்வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் ஆபீஸில் பெரிய துரை கூப்பிட்டனுப்பினார். படா பாபு என்று சொல்லப்பட்ட தலைமை குமாஸ்தா பங்குனியோடு வேலையை விட்டுப் போகிறார், அந்த நாற்காலி காலியாகிறது என்பது ஆபீஸ் முழுக்கத் தெரிந்த விஷயம். ஆகவே பட்டாபிராமன் தலைப்பாகையைச் சரிபண்ணிக்கொண்டு உள்ளே போனார். துரை நாற்காலியைப் பற்றிப் பேசவில்லை. "உன் வார்டில் என் சிநேகிதர் ராய் பகதூர் சின்ஹா நிற்கிறார். கம்பெனிக்கு ரொம்ப வேண்டியவர். உனக்கு அங்கே சொந்த வீடு இருக்கிறதாமே?" என்று கேட்டார்.

"இருக்கிறது, சார்."

"அப்படியானால் ஓட்டும் இருக்கும்."

இல்லை சார், ஓட்டு என் சம்சாரத்துக்கு என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், வீடு ஏன் சம்சாரத்தின் பேரில் என்ற கேள்வி வரும். கும்பகோணத்து வழக்கையெல்லாம் துரைக்கு இங்கிலீஷில் சொல்லியாக வேண்டும். "எங்கள் வீட்டு ஓட்டு ராய் பகதூருக்குத்தான், சார்" என்று, வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். வந்து தன் மேஜையில் உட்கார்ந்து ஒரு தம்ளர் தண்ணீர் குடித்த பிறகுதான், இருக்கிற ஒரு ஓட்டை இருபத்து நாலு மணி நேரத்துக்குள் இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டோம், அதுவும் நம்முடையதல்லாத ஓட்டை, என்பது உறைத்தது.

பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுகிற விலாங்கைப் பற்றி நம் ஊரில் சொல்வார்கள். மீன் வாசனை பட்டாலே மூக்கைப் பொத்திக்கொள்ளும் பட்டாபிராமன், வங்காளத்துக்கு வந்து தாமே விலாங்காகிவிட்டார்.

ஓட்டு ரகசியம்தானே, யாருக்குப் போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நீங்கள் கேட்கலாம். வாஞ்சிநாதனிடம் அவர் அப்படித்தான் அடித்துப் பேசினார். ஆனால் அது வாஞ்சிநாதனுக்குச் சொன்னது. ஓட்டுச் சீட்டில் நம்பர் உண்டு, நம்பர் என்று ஒன்று இருந்தால் துரைக்குத் தெரியாமல் போகாது என்பது அவருடைய சொந்த நம்பிக்கை. அது போகட்டும் என்றாலும் பாகீரதி இருக்கிறாள். கோஷால் பாபுவின் மனைவியை அவள் பௌதி, அதாவது மன்னி, என்று கூப்பிடுவாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சுவர்தான். பௌதி கேட்டால் இவள் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவாள். போன கிறிஸ்மஸுக்கு துரைசானி அனுப்பிய கேக் எப்படி இருந்தது என்று கம்பெனிச் சேவகன் விசாரித்தபோது, "முட்டை போட்டிருந்தது, மாட்டுக்கு வெச்சுட்டோம்" என்றவள். மாடு அதைத் தொடவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

ஆகவே பாகீரதி ஓட்டே போடாமல் இருப்பதுதான் க்ஷேமம் என்று பட்டாபிராமன் முடிவு கட்டினார். போட முடியாமல் போய்விட்டது என்று இரண்டு பக்கமும் கையைப் பிசைந்து வருத்தப்பட்டால் வார்த்தையும் பிழைக்கும், நாற்காலியும் பிழைக்கும்.

இந்த அழகில் மூன்றாவதாக ஒருத்தர் வந்தார். அவினாஷ் டாக்டர், ஹோமியோபதி. அவருக்குக் கட்சி கிடையாது, மோட்டார் கிடையாது, கூடவர ஆள் கிடையாது. ஒரு குடை உண்டு. அவரும் தேர்தலில் நிற்கிறார் என்பதைத் தெருவில் யாரும் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. புதன்கிழமை சாயங்காலம் வாசலில் நின்று, "ஓட்டர் இருக்கிறார்களா?" என்று கேட்டார்.

"என்ன வேணும், சொல்லுங்கள்" என்றார் பட்டாபிராமன்.

"மன்னிக்க வேண்டும். ஜாபிதாவில் ஸ்ரீமதி என்று இருக்கிறது. நான் அவர்களிடம் கேட்க வேண்டும்."

பாகீரதி முன்பின் தெரியாத ஆண்பிள்ளைகளோடு நேரே பேசமாட்டாள். கதவுக்குப் பின்னால் நின்று புருஷனிடம் சொல்வாள், புருஷன் வந்தவரிடம் சொல்ல வேண்டும். அந்த நாள் குடும்பங்களில் அப்படி வழக்கம். பாஷை தெரியாமல் இல்லை. கறிகாய்க்காரனோடு வங்காளியில் அவள் பேரம் பேசி ஜயிக்காத நாள் கிடையாது. டாக்டருக்கும் வழக்கம் புரிந்தது. கதவைப் பார்த்துக் கையைக் கூப்பி, "மா, நான் இந்த வார்டுக்கு நிற்கிறேன். இந்தத் தெருவுக்கு என்ன வேண்டும் என்று உங்களைக் கேட்டுப் போக வந்தேன்" என்றார்.

பாகீரதி கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னாள்: "ஏன்னா, அவர்கிட்டே சொல்லுங்கோ. தெருக்குழாயிலே ஒம்பது மணிக்கெல்லாம் தண்ணி நின்னுடறது. ஆபீஸ் போறவாளுக்குச் சமைச்சுப் போட்டுட்டுத்தான் பொம்மனாட்டிகள் குடத்தைத் தூக்கிண்டு வெளியிலே வர முடியும். அதுக்குள்ளே குழாய் வறண்டுடறது. இன்னும் ஒரு மணி விட்டா இந்தத் தெருவிலே இருபது ஆத்துக்கு நிம்மதி."

"தண்ணீர் வேண்டுமாம்" என்றார் பட்டாபிராமன் வங்காளியில்.

"ரொம்ப நேரம் பேசினார்களே?"

"தமிழ் கொஞ்சம் நீளமான பாஷை."

டாக்டர் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கதவைப் பார்த்து, "எந்த மணிக்கு நிற்கிறது, மா? எது வரைக்கும் வேண்டும்?" என்றார். கதவோரமாக இரண்டு வளைக்கைகள் வெளியே வந்து ஒன்பது விரலைக் காட்டின. அப்புறம் பத்து விரலையும் காட்டின. மருந்துச் சீட்டு எழுதும் புஸ்தகத்தில் அதைக் குறித்துக்கொண்டார். "யோசித்துப் போடுங்கள், மா. எனக்குத்தான் போடவேண்டும் என்று இல்லை" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனார்.

அன்றைக்கு வாஞ்சிநாதனிடம் இதைச் சொல்லிச் சொல்லிப் பட்டாபிராமன் சிரித்தார். "கதவைப் பார்த்து ஓட்டுக் கேக்கறான், ஓய். இவனுக்கு நிலைவாசலும் ஜன்னலும்தான் ஓட்டுப் போடணும்" என்றார். வாஞ்சிநாதன் சிரித்தார். அடுக்களையில் யாரும் சிரிக்கவில்லை.

பாகீரதியோ அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே வேறு மனுஷியாகியிருந்தாள். மயில்கழுத்துப் பட்டுப்புடவையைப் பெட்டியிலிருந்து எடுத்து நிழலில் உலர்த்தினாள். சீட்டில் எப்படிக் குறி போடுவது என்று பௌதியிடம் கேட்டு, அரிசி களைகிற இடத்தில் தரையில் விரலால் போட்டுப் போட்டுப் பார்த்தாள். "ஓட்டு செவ்வாய்க்கிழமைதானே? மாத்திட மாட்டாளே?" என்று தினமும் ஒரு தடவை கேட்டாள். பட்டாபிராமனுக்குப் பாவமாகத்தான் இருந்தது. பாவம் பார்த்தால் நாற்காலி போய்விடுமே என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டு பஞ்சாங்கத்தை எடுத்தார்.

இங்கே அவர்கள் வீட்டுக் கடிகாரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்த நாளில் கல்கத்தாவுக்கென்று ஒரு தனி மணி உண்டு. ஆபீஸ், கார்ப்பரேஷன், பள்ளிக்கூடம் எல்லாம் அந்த மணியில்தான் நடக்கும். ரயிலுக்கும் மதராஸுக்கும் வேறு மணி. அது கல்கத்தா மணிக்கு இருபத்து நாலு நிமிஷம் பின்னால். பட்டாபிராமனின் சட்டைப்பைக் கடிகாரம் கல்கத்தா மணி காட்டும். கூடத்துச் சுவர்க் கடிகாரம் மதராஸ் மணி காட்டும். பஞ்சாங்கம் மதராஸில் அச்சடித்தது, ஆகவே நல்ல வேளை கெட்ட வேளையெல்லாம் மதராஸ் மணிப்படி என்பது அவருடைய சித்தாந்தம். எட்டு வருஷமாக அந்த வீட்டில் ராகுகாலம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத்தான் வந்து போயிற்று.

செவ்வாய்க்கிழமை ராகுகாலம் மூன்றிலிருந்து நாலரை. சுவர் மணி நாலரை என்றால் கல்கத்தா மணி ஐந்தடிக்க ஆறு நிமிஷம். ஓட்டுச்சாவடி ஐந்து மணிக்கு மூடும். சாவடி வைத்திருந்த பெண்கள் பள்ளிக்கூடம் பத்து நிமிஷ நடை. பட்டாபிராமன் இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று கண்டதும், ராகுவுக்கு மனசுக்குள் ஒரு நமஸ்காரம் பண்ணினார். பாக்கி, மூன்று மணிக்கு முன்னால் அவளைக் கிளம்பவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

செவ்வாயன்று அவர் லீவு போட்டார். "காலம்பற ஒரே ஆம்பளைக் கூட்டமா இருக்கும். சாப்பாடு ஆனப்புறம் நானே அழைச்சுண்டு போறேன்" என்றார். சாப்பாட்டுக்கு ஸ்ரீனிவாசராகவனையும் வாஞ்சிநாதனையும் கூப்பிட்டிருந்தார். பருப்புசிலி, மோர்க்குழம்பு, வாழைக்காய் வறுவல், சேமியாப் பாயசம் என்று ஒரு கல்யாணத்துக்கு ஆகிற சமையலைக் காலையில்தான் சொன்னார். பாகீரதி அத்தனையும் பண்ணிப் போட்டாள். பந்தி முடிந்து, இரண்டு பேரும் தாம்பூலம் போட்டுக்கொண்டு எழுந்திருக்கவே சுவரில் இரண்டரை ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அவள் தான் சாப்பிட்டு, இடத்தை எச்சிலிட்டு மெழுகி, குளித்துவிட்டு, மயில்கழுத்துப் புடவையில் கூடத்துக்கு வந்தபோது கடிகாரம் மூன்றடித்தது.

"அடடா" என்றார் பட்டாபிராமன். இந்த ஒரு சொல்லை அவர் காலையிலிருந்து ஒத்திகை பார்த்திருந்தார். "ராகுகாலம் வந்துடுத்தே. முதல் முதலா ஒரு காரியம் பண்ணப் போறச்சே ராகுவிலேயா கிளம்பறது? நாலரைக்குப் போவோம்."

பாகீரதி ராகுகாலத்தை மீறுகிறவள் இல்லை. ஊஞ்சலில் உட்கார்ந்தாள். பட்டாபிராமன் பத்திரிகையை விரித்துக்கொண்டார். ஒரு வரி ஓடவில்லை. பத்திரிகைக்கு மேலே எட்டிப் பார்த்தால், தலையைப் பின்னிப் பூ வைத்துக்கொண்டு, கையை மடியில் வைத்தபடி, பெண் பார்க்க வந்தவர்களுக்கு எதிரில் உட்கார்ந்திருந்த அதே பாகீரதி. அவருக்கு எழுந்து போய் உண்மையைச் சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. ஒரு நிமிஷம்தான்.

சுவரில் மணி நாலு தாண்டிக் கொஞ்சம் ஆகியிருக்கும். அடுத்த வீட்டில் கோஷால் பாபுவின் கடிகாரம் அரை மணிக்கு ஒரு அடி அடித்தது. பாகீரதி ஊஞ்சலை விட்டு இறங்கிச் செருப்பைத் தேடினாள்.

"எங்கே கிளம்பறே? மணி நாலு ஆறுதான் ஆறது. ராகு போகலே."

"ஏன்னா, காலம்பற சூரியன் மொதல்லே இங்கே உதிக்கறாரா, மதராஸ்லே உதிக்கறாரா?"

"இங்கேதான். இது கிழக்கே இருக்கு."

"அஸ்தமனம்?"

"அதுவும் இங்கேதான் முன்னாடி."

"சூரியன் இங்கே முன்னாடி வரார், முன்னாடி போறார். ராகு மட்டும் மதராஸ் மெயிலைப் பிடிச்சு இருபத்து நாலு நிமிஷம் கழிச்சு வரணுமா? இந்த ஊர் ராகுகாலம் இந்த ஊர் நாலரையோட போயிடுத்து. கோஷாலாத்துக் கடியாரம் இப்போதான் அடிச்சுது" என்றாள். குரல் உயரவில்லை. காய் வேகவில்லை என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

பட்டாபிராமன் அவசரமாகப் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். எட்டு வருஷமாக அவரைக் கல்கத்தா மணி ஒன்பதுக்கு ஆபீஸுக்கு அனுப்புகிறவள் அவள். மதராஸ் மணி காட்டும் கடிகாரத்தைப் பார்த்து, இருபத்து நாலு நிமிஷத்தை மனசிலேயே கூட்டிக்கொண்டு, ஒரு நாள் பிசகாமல் இலை போட்டவள். அந்த வீட்டில் இரண்டு மணியையும் நன்றாகத் தெரிந்தவர் யார் என்று அவர் யோசித்தே பார்த்ததில்லை. அவள் படியிறங்கிவிட்டாள். தமது கணக்குப்படி நட்ட நடு ராகுவில் அவரும் குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

பள்ளிக்கூட வாசலில் இந்தப் பக்கம் கதர்க் குல்லாய்த் தொண்டர்கள், அந்தப் பக்கம் ராய் பகதூரின் மோட்டார். வெயில் அவ்வளவு இல்லை, ஆனாலும் பட்டாபிராமன் குடையை நன்றாகத் தாழ்த்திப் பிடித்தார். பிரயோஜனம் இல்லை. கோஷால் பாபு, "பட்டாபி பாபு சொன்னபடி செய்கிறவர்" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது காதில் விழுந்தது. மோட்டாரிலிருந்து ராய் பகதூர் கைத்தடியைத் தூக்கிக் காட்டினார். பட்டாபிராமன் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டார். மரத்தடியில் அவினாஷ் டாக்டர் ஒரு முக்காலியில் தனியாக உட்கார்ந்து யாருக்கோ நாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெண்களுக்குத் தனி அறை. பாகீரதி திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். இரண்டு நிமிஷத்தில் வெளியே வந்தாள். முகத்தில் அப்படியொரு நிறைவை அவர் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"யாருக்குப் போட்டே?" என்று திரும்பி வருகிற வழியில் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அதைச் சொல்லப்படாதாம். உள்ளே இருந்த அம்மா சொன்னா."

வியாழக்கிழமை முடிவுகள் வந்தன. ஊர் முழுக்க வார்டுக்கு வார்டு சுயராஜ்யக் கட்சிதான். தெருவில் சங்கு ஊதினார்கள். இந்த வார்டில் கோஷால் பாபுவுக்கு ஆயிரத்து நூற்றுப் பதினாறு. ராய் பகதூருக்கு முந்நூற்று எண்பத்தாறு. அவினாஷ் டாக்டருக்கு ஒன்பது. பட்டாபிராமன் விரல் நுனியில் வைத்திருந்த எண்களில் ஒன்றுகூடச் சரியாக வரவில்லை. எழுநூற்றுச் சொச்சம் வித்தியாசம் இருக்கிற இடத்தில் ஒரு ஓட்டுக்காகவா இத்தனை கூத்து என்று நினைத்தபோது, அவருக்கே தம் மேல் எரிச்சல் வந்தது.

சாயங்காலம் கோஷால் பாபு மாலையும் கழுத்துமாக ஒரு தட்டு சந்தேஷ் மிட்டாயோடு வந்தார். "உங்கள் ஓட்டை மறக்கமாட்டேன், பட்டாபி பாபு" என்றார். பட்டாபிராமன் கையைக் கூப்பி அதை ஏற்றுக்கொண்டார். மறுநாள் துரை கூப்பிட்டு, "ராய் பகதூர் தோற்றுப் போனார். ஆனாலும் நீ சம்சாரத்தோடு வந்து நின்றதைப் பார்த்தாராம். நன்றி சொல்லச் சொன்னார். சித்திரை முதல் தேதி நீ அந்த நாற்காலிக்குப் போகலாம்" என்றார். பட்டாபிராமன் அதையும் கையைக் கூப்பி ஏற்றுக்கொண்டார். வீட்டுக்கு வந்து சந்தேஷ் தின்றுகொண்டே நாற்காலி விஷயத்தையும் ராய் பகதூர் ஓட்டுக்கு நன்றி சொன்னதையும் சொன்னார். பாகீரதி சந்தோஷம் என்றாள். உண்மையாகவே சந்தோஷப்பட்டாள், அவளுக்குப் பொய்யாகச் சந்தோஷப்படவும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் குடை தெரிந்தது. அவினாஷ் டாக்டர் நின்றுகொண்டிருந்தார். பட்டாபிராமன் அவரைக் கூடத்துக்கு அழைத்தார்.

"ஒன்பது ஓட்டு வந்தது" என்றார் டாக்டர், ஏதோ ஒன்பது குழந்தை பிறந்ததைச் சொல்கிறவர் போல. "எட்டு யார் என்று தெரியும். நான், என் சம்சாரம், தம்பி, மூன்று நோயாளிகள், எதிர்வீட்டுக்காரர், எங்கள் பள்ளி வாத்தியார். மற்ற ஏழு பேரும் சொல்லிவிட்டார்கள். ஒன்பதாவது யார் என்று தெரியவில்லை. கேட்டுப் போன வீட்டுக்கெல்லாம் மறுபடி போய் நன்றி சொல்லிக்கொண்டு வருகிறேன். யாராக இருந்தாலும் அவர்களுக்குப் போய்ச் சேருமே."

"எங்கள் வீட்டில் இல்லை" என்றார் பட்டாபிராமன் அவசரமாக. நடுச்சுவருக்கு அந்தப்புறம் கோஷால் பாபு இருந்தார். "நிச்சயமாக இல்லை. நீங்கள் வேறு இடம் பாருங்கள்."

"ஏன்னா" என்றது கதவுக்குப் பின்னாலிருந்து குரல். "அவரை உக்காரச் சொல்லுங்கோ. காபி ஆயிண்டிருக்கு."

பட்டாபிராமன் சொல்ல, டாக்டர் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் பாகீரதியே டவரா தம்ளரோடு கதவைத் தாண்டிக் கூடத்துக்கு வந்தாள். அந்நிய மனுஷருக்கு எதிரே அவள் அப்படி வந்தது அதுதான் முதல் தடவை. தம்ளரை அவர் முன்னால் வைத்துவிட்டு, போகாமல், அங்கேயே நின்றாள்.

டாக்டர் எழுந்து நின்றுவிட்டார். "நீங்களா, மா? நான் தோற்பேன் என்று இந்தத் தெருவில் நாய்க்குக்கூடத் தெரியும். எனக்கு எதற்காகப் போட்டீர்கள்?"

பாகீரதி டாக்டரைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்தாள்.

"ஓட்டு என்னோடதுன்னு என்கிட்டே வந்து கேட்டவர் அவர் ஒருத்தர்தான். அடுத்தாத்துலே கேக்கலே. மோட்டார்லே வந்தவா கேக்கலே. நம்மாத்துலேயும் கேக்கலே. எல்லாருக்கும் பதில் மட்டும் போயிடுத்து" என்றாள். "இதை அவருக்குச் சொல்லுங்கோ."

பட்டாபிராமனுக்குக் காது சிவந்தது. தண்ணீருக்காகப் போட்டாளாம் என்று சொல்லிவிடலாம். அது நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. எதிரே அவள் நின்றுகொண்டிருந்தாள், பயம் இல்லாமல், கோபமும் இல்லாமல், சொன்னால் சொல்வார் என்று காத்துக்கொண்டு. ஓட்டை ஒரு மனுஷனோட மனசாட்சி என்று எத்தனை சாயங்காலம் அளந்திருக்கிறோம் என்று நினைத்தபோது அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த வெட்கத்துக்கு நடுவில், இவள் என் பெண்டாட்டி என்று கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

எழுந்து நின்று, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, டாக்டரைப் பார்த்து வங்காளியில் சொன்னார். அடுத்த வீட்டையும் சொன்னார், மோட்டாரையும் சொன்னார். நம் வீட்டிலும் கேட்கவில்லை என்று வருகிற இடத்தில் குரல் கொஞ்சம் இடறியது. நிறுத்தி, அதை மறுபடி முதலிலிருந்து, அடுத்த வீட்டுக்கே கேட்கிற மாதிரி, ஒரு வார்த்தை விடாமல் சொன்னார்.